ஆச்சியும் பேரனும்: மெக்சிகோ கடற்கரையில ஏழு நாள்

மார்ச் 8, சனி

ரெண்டு மாசமா டாலஸ்ல மக வீட்ல இருக்கோம், நானும் இவங்களும். பேரனுக்குப் பதினஞ்சு வயசு. இந்த ரெண்டு மாசத்துல அவன் வாயில இருந்து எனக்குக் கிடைச்ச தமிழ் மொத்தம் மூணே மூணு: "ம்", "ஓகே ஆச்சி", "அப்றம் ஆச்சி". சின்னப் பிள்ளைல பாளையங்கோட்டைக்கு வந்தப்போ என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் வளவளன்னு பேசிட்டே வந்தவன்தான். இப்ப காதுல எதையோ மாட்டிக்கிட்டு ரூமுக்குள்ள போனா சாப்பாட்டுக்குத்தான் தலை வெளிய தெரியும். அவனுக்கு ஸ்பிரிங் பிரேக் லீவு விட்டதும் மெக்சிகோ பீச்சுக்குப் போவோம்னு மக கிளப்பிட்டா.

நான் ஸ்கூல்ல 31 வருசம் புவியியல் நடத்தினவ. வட அமெரிக்கா மேப் வரையச் சொன்னா பிள்ளைங்க யுகட்டான் தீபகற்பத்தை மட்டும் விட்டுருவாங்க, கட்டை விரல் மாதிரி மேல நீட்டிட்டு இருக்குமே அது, நானும் விடாம அரை மார்க் குறைப்பேன். அந்தக் கட்டை விரல்லயே போய் இறங்குவேன்னு கனவா கண்டேன்.

கான்கூன் ஏர்போர்ட்டை விட்டு வெளிய வந்ததும் முகத்துல அடிச்சது அப்படியே தூத்துக்குடி காத்து, உப்பும் ஈரமும். வாடகைக் கார்ல முதல் அடி. நெட்ல ஒரு ரேட்டு, கவுண்டர்ல போய் நின்னா இன்சூரன்ஸ் கட்டாயம்னு ஒரு பேப்பரை நீட்டுறான், பாத்தா வாடகையை விட இன்சூரன்ஸ் ஜாஸ்தி. மாப்ளை இங்கிலீஷ்ல சத்தம் போட்டாரு. அந்தப் பையன் சிரிச்ச முகமா, ஒண்ணும் புரியாத மாதிரியே நிக்கான். அப்ப பின்னாடி இருந்து ஸ்பானிஷ்ல ஒரு குரல். திரும்பிப் பாத்தா நம்ம பேரன்! காதுல இருந்ததைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசுறான், நடுவுல சிரிக்கிறான் வேற. ஸ்கூல்ல ஸ்பானிஷ் படிக்கிறான்னு தெரியும், ஆனா பாடத்துல படிச்ச பாஷை வாயில வரும்னு யார் நினைச்சா, நாமளும்தான் ஹிந்தி பரீட்சை எழுதினோம். பணம் ஒத்தப் பைசா குறையல. ஆனா சின்ன வண்டிக்குப் பதிலா பெரிய வண்டி ஒண்ணைக் கொடுத்தாங்க. இவங்க என் காதுல, "ஏட்டி, இவனுக்குப் பேச்சு வருது பாத்தியா"ன்னாங்க.

தங்கினது பிளாயா தெல் கார்மென்ல ஒரு அப்பார்ட்மென்ட். கடல் பாத்த பால்கனின்னு போட்டோ போட்டிருந்தாங்க. உண்மைதான், ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல நாலு விரக்கடை அகலத்துக்குக் கடல் தெரிஞ்சது.

மார்ச் 9, ஞாயிறு

அமெரிக்காவுல இன்னிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிட்டாங்க. இந்த கின்தானா ரோ மாநிலத்துல அந்தப் பழக்கமே இல்ல. ஆக நேத்து வரும்போது நாங்க ஒரு மணி நேரத்தைத் தொலைச்சோம், ஆனா திரும்பிப் போகும்போது அது கிடைக்காது, ஏன்னா டாலஸும் இதே நேரத்துக்கு வந்திருச்சு. இவங்க கணக்கு டிபார்ட்மென்ட்ல வேலை பாத்தவங்க, காலைல முழுக்க "அப்ப அந்த ஒரு மணி நேரம் யார்கிட்ட இருக்கு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நாலு பிளாஸ்டிக் மேசை, ஒரு டேபிள் ஃபேன், உள்ள ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், அவங்களே சமையல் அவங்களே பரிமாறல். நானும் இவங்களும் பிறந்ததுல இருந்து சைவம். மகளும் மாப்ளையும் முட்டை, பேரன் எல்லாம். "ஆச்சிக்கும் தாத்தாக்கும் கறி மீன் எதுவும் வேணாம்னு சொல்லுல"ன்னேன். அவன் சொன்னான். அந்த அம்மா என்னைப் பாத்தாங்க, என் நெத்தியைப் பாத்தாங்க, என்னமோ கேட்டாங்க. பேரன் பொத்துக்கிட்டுச் சிரிச்சான்.

"ஆச்சி, விபூதி. சாம்பல் புதன் போன வாரமே முடிஞ்சிருச்சு, இன்னும் கழுவலையான்னு கேக்கறாங்க."

இங்க தவக்காலம் ஆரம்பிக்கிற புதன் அன்னிக்கு சர்ச்ல நெத்தியில சாம்பல் பூசுவாங்க. அது மார்ச் 5. நாங்க கறி வேணாம்னு சொன்னதும் அந்த அம்மாவுக்குச் சந்தேகமே இல்ல, தவக்காலத்துல ரொம்பக் கடுமையா விரதம் இருக்குற கத்தோலிக்கக் குடும்பம்னு முடிவு கட்டிட்டாங்க, என் கையைப் பிடிச்சு முத்தம் வேற கொடுத்தாங்க. நாங்க மாநிறம், இவங்களுக்கு மீசை வேற, இங்க வந்ததுல இருந்து எல்லாரும் எங்ககிட்ட ஸ்பானிஷ்லதான் பேசுறாங்க, வெள்ளையா இருக்கறவங்ககிட்டதான் இங்கிலீஷ்.

வந்தது என்னன்னா கருப்பு பீன்ஸ் மசிச்சது, சிவப்புச் சோறு, துணியில சுத்தின சூடான தோர்த்தியா, அதாவது சோள ரொட்டி. அந்த பீன்ஸ் இருக்கே! தட்டைப்பயறைக் கடைஞ்ச மாதிரி, ஆனா அதுக்கு மேல ஒரு படி, நெய் விட்ட மாதிரி வழவழன்னு நாக்குல நிக்குது, என்ன பச்சிலை போட்டாங்களோ ஒரு வாசனை. நான் ரெண்டு தடவை வாங்கினேன். இவங்க மூணு தடவை. பேரன் அடுப்படி வாசல்ல நின்னு அந்த அம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு வந்தான். வந்தவன் என் தட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தான். "என்னல, என்ன சொல்றாங்க?" "ஒண்ணுமில்ல ஆச்சி. சாப்பிடுங்க." வெயில்ல சோர்ந்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச ஒரு வழக்கத்தை அங்கதான் முதல்ல பாத்தேன். பக்கத்து மேசைல சாப்பிட்டு எந்திரிச்ச ஆளு, கட்டட வேலை பாக்குறவர் போல, சட்டை எல்லாம் சிமென்ட், எங்க மேசையைத் தாண்டிப் போகும்போது தலையை லேசாச் சாய்ச்சு "புரோவெச்சோ"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அடுத்து வந்த காலேஜ் பிள்ளையும் "புரோவெச்சோ". சாப்பாடு உடம்புல ஒட்டட்டும்ங்கற மாதிரி அர்த்தமாம். முன்னப் பின்ன தெரியாதவங்க சாப்பிடுறதைப் பாத்தா ஒரு வார்த்தை சொல்லாம தாண்டிப் போக மாட்டாங்க. நம்ம ஊர்ல ஹோட்டல்ல பின்னாடியே நின்னு எப்ப எந்திரிப்பான்னு இலையைப் பாத்துக்கிட்டு இருப்போம்.

மார்ச் 10, திங்கள்

இன்னிக்குத்தான் பீச். போட்டோவுல பாத்த நீலம் இருக்கு, ஆனா கரையை ஒட்டி ஒரு பத்தடிக்குப் பழுப்புப் பாசி, சர்காஸோன்னு சொல்றாங்க, அட்லாண்டிக்ல இருந்து மிதந்து வருது. 2011ல இருந்துதான் இப்படி மொத்தமா வர ஆரம்பிச்சதாம். ஈரமா இருக்கும்போது வாசனை இல்ல, வெயில்ல காய்ஞ்சு அழுகினா அழுகின முட்டை நாத்தம். விடிகாலைலயே ஆளுங்க வாருகோலும் தள்ளுவண்டியுமா வந்து வாரி வாரிக் கொட்டுறாங்க. அவங்க ஒரு வண்டி அள்ளி முடிக்குமுன்ன அலை இன்னொரு வண்டி கொண்டாந்து போடுது. எங்க தெருவுல மார்கழிக்கு வாசல் பெருக்கும்போது வேப்ப மரம் இப்படித்தான் பண்ணும்.

பேரன் முதல் அரை மணி நேரம் துண்டுல படுத்து போனைப் பாத்தான். அப்புறம் உள்ளூர்ப் பையங்க பந்து விளையாடுறதைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போனவன் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வந்தான். நான் கடல்ல கணுக்கால் அளவோட நிறுத்திக்கிட்டேன். மக இழுத்தா, வரலைன்னுட்டேன். திருச்செந்தூர்ல முங்கி எந்திரிப்பேன், அது சாமிக்கு. காரணமே இல்லாம சேலையோட கடல்ல எறங்க எனக்கு மனசு வராது.

இவங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இளநீர் வாங்கக் கிளம்பினாங்க. போன வேகத்துல திரும்பி வந்தாங்க, முகம் வெளுத்துப்போய். "ஏட்டி, ஒரு இளநி எழுபது டாலராம்! போர்டுல போட்டிருக்கான், நானே பாத்தேன்." எனக்கும் நெஞ்சு அடைச்சது, ஆறாயிரம் ரூவாய்க்கு இளநியா? பேரன் தண்ணி சொட்டச் சொட்ட வந்து கேட்டுட்டு மண்ணுல உருண்டான். இங்கத்த காசு பெசோவுக்கும் அதே டாலர்க் குறிதான் போடுவாங்களாம்! ஒரு டாலருக்கு 20 பெசோ, அப்ப எழுபதுன்னா மூணரை டாலர். நம்ம காசுல 300 ரூவா, அதுவும் கொள்ளைதான், ஆனா ஆறாயிரத்துல இருந்து முன்னூறுக்கு வந்ததும் என்னமோ சும்மா கிடைச்ச மாதிரி ரெண்டு வாங்கினோம். குடிச்சு முடிச்சதும் வழுக்கையைச் சுரண்டித் துண்டு போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மிளகாய்ப்பொடி தூவிக் கொடுக்கறான். வழுக்கைக்கு மிளகாய்ப்பொடி! இத்தனை தென்னை வச்சிருக்குற நமக்கு இது ஏன் தோணல?

மார்ச் 11, செவ்வாய்

டூலும். கடலுக்கு மேல பாறை விளிம்புல மாயா கோயில், மாயான்னா இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள், மூணு பக்கம் மதில், நாலாவது பக்கம் கடலே மதில். திருச்செந்தூர் நினைப்பு வராம இருக்காது. மத்தபடி சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, மூணு கவுண்டர்ல மூணு டிக்கெட், நிழலே கிடையாது, இவங்களுக்கு மயக்கம் வர்ற மாதிரி ஆயிருச்சு. உடும்பு சைஸ்ல ஓணானுங்க மட்டும் இடிஞ்ச சுவரெல்லாம் பட்டா போட்டு உக்காந்திருக்கு.

சாப்பிடப் போன இடத்துலயும் பேரன்தான் முன்னாடி போனான். இப்ப எங்க போனாலும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி "மன்தேகா"ன்னு ஒரு வார்த்தை சொல்றான், அவங்க என்னமோ பதில் சொல்றாங்க, அப்புறம்தான் எங்களுக்கு வாங்குறான். மரியாதையா ஏதோ கேக்கறான் போல, தயவுசெஞ்சுங்கற மாதிரின்னு நானா மனசுல வச்சுக்கிட்டேன்.

மார்ச் 12, புதன்

சிச்சென் இட்சா, மாயாக்காரங்க பழைய ஊர், எட்டு மணிக்குத் திறப்பாங்க, கூட்டம் வர்றதுக்குள்ள போயிரணும்னு மாப்ளை நாலரைக்கே எழுப்பிவிட்டாரு. ரோடு நேர்க்கோடு, ரெண்டு பக்கமும் குட்டைக் காடு, ஒரு ஆறு கிடையாது ஒரு பாலம் கிடையாது. சுண்ணாம்புப் பாறை, மழைத் தண்ணி அப்படியே உள்ள எறங்கிப் பூமிக்கு அடியில ஓடுது, மேல பாறை இடிஞ்சு விழுந்த இடம்தான் செனோத்தே, இயற்கையாவே அமைஞ்ச கிணறு. இதை நான் கார்ல பாடமா நடத்துனேன், யாரும் கேக்கல. ஊர் வர்ற இடத்துல எல்லாம் "தோப்பே", அதாவது ஸ்பீட் பிரேக்கர், போர்டும் இருக்காது பெயின்டும் இருக்காது. இவங்க தலை மூணு தடவை கூரைல இடிச்சது.

எட்டு அடிக்கப் பத்து நிமிசம் இருக்கும்போது போய்ச் சேந்தோம், வாசல்ல ஒரு ஈ காக்கா இல்ல. செக்யூரிட்டி மணிக்கட்டைக் காட்டிச் சிரிக்கிறாரு. பேரன் பேசிப் பாத்துட்டு வந்து சொல்றான், இது யுகட்டான் மாநிலம், இங்க மணி ஏழுதான். மாநில எல்லையைத் தாண்டும்போது ஒரு மணி நேரம் பின்னாடி போயிருச்சு! புவியியல் டீச்சர் கூட வந்தும் இந்தக் கூத்து. இவங்களுக்கு ஒரே சந்தோசம், "அந்தத் தொலைஞ்ச ஒரு மணி நேரம் இங்கதான் இருந்திருக்கு."

ஆளுக்கு 700 பெசோ பக்கம், உள்ளூர்க்காரங்களுக்குக் குறைச்சல், தாஜ்மகால்ல நாம வெள்ளைக்காரங்களுக்குப் பண்றதை நமக்கு இங்க பண்றாங்க. உள்ள போனா அந்தப் பிரமிட். பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கம், மேல மேடை ஒண்ணு, கூட்டினா 365. படி ஏற விடுறதில்ல, கீழ நின்னே எண்ணலாம்னு ஆரம்பிச்சு நாப்பதுல கண்ணு கட்டிருச்சு. முன்னாடி நின்னு கையைத் தட்டினா படியில பட்டு எதிரொலி ஒரு பறவை கீச்சுன்னு கத்துற மாதிரி திரும்பி வருது. கெட்சால் பறவை சத்தம்னு சொல்றாங்க. பேரன் தட்டினான், நான் தட்டினேன், அப்புறம் அவன் "ஆச்சி, டுகெதர்"ன்னான், சேந்து தட்டினோம். பத்தரை ஆனதும் பஸ் பஸ்ஸா கூட்டம், வழி முழுக்கக் கடை, புலி உறுமுற மாதிரி ஒரு விசில் விக்கிறாங்க, நூறு புலிங்க நடுவுல நடக்குற மாதிரி காது போச்சு, கிளம்பிட்டோம்.

திரும்புற வழியில வயாதோலித். இந்தப் பயணத்துல ஒரு ஊருக்குத் திரும்பப் போகலாம்னா நான் இங்கதான் போவேன். நடுவுல பார்க், எதுத்தாப்ல சர்ச், பார்க்ல வெள்ளை வெள்ளையா நாற்காலிங்க, எஸ் எழுத்து மாதிரி வளைஞ்சு ரெண்டு பேர் எதிரும் புதிருமா உக்கார்ற மாதிரி. நானும் இவங்களும் உக்காந்தோம். 44 வருசத்துல பஸ்ல, ரயில்ல, கோயில்ல, பந்தியில எல்லாம் பக்கத்துப் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கோம், இப்படி மூஞ்சிக்கு நேர மூஞ்சி உக்காந்ததில்ல. ரெண்டு பேருக்கும் எங்க பாக்கறதுன்னு தெரியல. "உனக்குக் கண்ணாடி மாத்தணும் போல"ன்னாங்க.

அங்க தரையில பழம் பரப்பி ஒரு பாட்டி. வெள்ளைத் துணியில கழுத்தைச் சுத்திப் பூ வேலை செஞ்ச சட்டை, இங்க வயசான பொம்பளைங்க எல்லாம் அதான் போடுறாங்க. கூடைக்குள்ள எட்டிப் பாத்தா சப்போட்டா! நம்ம சப்போட்டா! என்னை மறந்து "ஏ சப்போட்டா"ன்னு கத்திட்டேன். பாட்டிக்குப் புரிஞ்சிருச்சு, "சப்போத்தே"ன்னு தலையை ஆட்டினாங்க. இந்தப் பழமே இந்தப் பக்கத்துக் காட்டுலதான் பிறந்ததாம், பேரும் இங்க இருந்து வந்ததுதான். மரத்துல கீறி வடிக்கிற பால்லதான் முன்ன சூயிங்கம் பண்ணியிருக்காங்க, அதுக்குப் பேரு சிக்ளே. சின்ன வயசுல மென்ன சிக்லெட் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு அறுபத்தெட்டு வயசுல தெரியுது.

விலை கேக்கணும். பேரன் ஸ்பானிஷ்ல கேட்டான், பாட்டிக்கு அது சரியா வரல, அவங்க பாஷை மாயா. பக்கத்துல பத்து வயசுப் பேத்தி, சீருடையோட. இனி நடந்ததைச் சொல்றேன். நான் தமிழ்ல "நசுங்கினது வேணாம், கல்லு மாதிரி இருக்கறதும் வேணாம், நாளைக்குத் திங்கற பக்குவத்துல அஞ்சு"ன்னேன். பேரன் அதை அவனுக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ்ல பேத்திகிட்ட சொன்னான். பேத்தி மாயாவுல பாட்டிகிட்ட சொன்னா. பாட்டி ஒரு பழத்தை எடுத்து, காம்புகிட்ட நகத்தால லேசாச் சுரண்டி, உள்ள பச்சை தெரியுதான்னு பாத்துட்டு வச்சிட்டு இன்னொண்ணு எடுத்தாங்க. நான் பாளை மார்க்கெட்ல செய்றது அதேதான், அதே நகம், அதே இடம். நானும் ஒண்ணை எடுத்துச் சுரண்டிக் காட்டினேன். அவ்ளோதான், நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பேரனுக்கும் பேத்திக்கும் வேலையே இல்லாமப் போச்சு. அஞ்சு கேட்டேன், ஏழு வச்சுக் கட்டினாங்க. 50 பெசோ. நான் பேரம் பேசல, இவங்களுக்கே அது ஆச்சரியம்.

ஊருக்கு நடுவுலயே சசின்னு ஒரு செனோத்தே. குகைக்குள்ள பச்சைத் தண்ணி, மேல இருந்து வேர் தொங்குது. எறங்குறதுக்கு முன்னாடி குளிக்கணும், கிரீம், லோஷன் எதுவும் உடம்புல இருக்கக் கூடாது, தண்ணி கெட்டுப் போகும்னு கண்டிப்பு. எனக்குக் கொஞ்சம் ஆசை வந்துச்சு, இது கடல் இல்ல, தெப்பக்குளம் மாதிரிதான இருக்குன்னு. வாசல்ல இருந்த பொண்ணு என் கொண்டையைக் காட்டி என்னமோ சொல்லிச்சு. பேரன் நெளிஞ்சான். "ஆச்சி... ஹேர்ல கோகனட் ஆயில்." விடிகாலைலதான் கையில ஊத்தித் தேச்சு வாரிட்டு வந்தேன். ஷாம்பு போட்டுக் கழுவினா விடுவாங்களாம், இந்த வயசுல எவ கொண்டையை அவுத்து நடுப் பகல்ல ஷவர்ல நிப்பா? படியில உக்காந்து பாத்துக்கிட்டேன். நியாயம்தான், நம்ம தெப்பக்குளத்துக்கும் இப்படி ஒரு பொண்ணு நின்னிருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு முடிவு பண்ணின நாள். காலைல தெருமுனைத் தோர்த்தியா கடைக்கு நான் மட்டும் தனியாப் போனேன். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு ஊறப் போட்டு அரைக்கிறாங்க, அந்தச் சுண்ணாம்பு வாசனை சூட்டோட வருது. மெஷின்ல இருந்து வரிசையா விழுது, கிலோ 28 பெசோ, காகிதத்துல பொட்டலம். பேரன் சொல்ற மாதிரியே நானும் மரியாதையா இருக்கட்டும்னு கடைக்காரப் பொண்ணைப் பாத்துச் சிரிச்சு "மன்தேகா"ன்னேன். அது திருதிருன்னு முழிச்சு "நோ, நோ, சென்யோரா"ன்னு கையை ஆட்டிச்சு. என் உச்சரிப்பு சரியில்ல போல. வீட்டுக்கு வந்து சூடா இருந்த தோர்த்தியாவுல ஊர்ல இருந்து கொண்டாந்த பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிச் சுருட்டிக் கொடுத்தேன், பேரன் ஆறு சாப்பிட்டான்.

சூப்பர்மார்க்கெட்ல பில் போட்டதும் சாமான்களைப் பையில எடுத்து வைக்க ஒரு பெரியவர் நின்னாரு, எழுபது தாண்டியிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. சம்பளம் கிடையாது, நாம கொடுக்குற சில்லறைதான். முட்டையை மேல, தண்ணி பாட்டிலை அடியில, அவ்ளோ பொறுமையா அடுக்கினாரு. இவங்க ரொம்ப நேரம் பையையே பாத்துக்கிட்டு இருந்துட்டு 50 பெசோ கொடுத்துட்டு கையெடுத்துக் கும்பிட்டாங்க. வெளிய வந்து பேசவே இல்ல.

ராத்திரி சாப்பாட்டுக் கடைல அந்தப் பேசாத கோவத்தையோ என்னமோ, சட்னியில காட்டினாங்க. சர்வர் "மூச்சோ மூச்சோ"ன்னு எச்சரிக்கை பண்றாரு, "பாளையங்கோட்டைக்காரனுக்கு மிளகா காட்டுறியா"ன்னு ஒரு கரண்டி நிறைய வாயில போட்டாங்க. அபனேரோ மிளகாய். அந்தச் சட்னிக்குப் பேரு ஷ்னிபெக், மாயா பாஷையில நாய் மூக்குன்னு அர்த்தமாம், மூக்குல அப்படித் தண்ணி வடியுமாம். வடிஞ்சது.

ராத்திரி நெல்லையில இருக்குற என் தங்கச்சிகிட்ட பேசினேன். இன்னிக்கு நடுராத்திரி இங்க முழுச் சந்திர கிரகணம். "இங்க பகல்ல வருதுக்கா, தெரியாது, நாங்க ஒண்ணும் பாக்கல"ன்னா. அவளுக்கு இல்ல. எனக்கு உண்டே?

மார்ச் 14, வெள்ளி

பன்னெண்டரைக்கு எந்திரிச்சுப் பால்கனியில பாத்தா நிலாவைப் பில்டிங் மறைச்சிருச்சு. கீழ எறங்கலாம்னு செருப்பைத் தேடுறேன், பின்னாடி பேரன். "ஆச்சி, நானும்." ரெண்டு பேரும் பீச்சுக்குப் போனோம். இன்னும் நாலஞ்சு பேர் இருந்தாங்க, போர்வை விரிச்சு ஒரு குடும்பம், ஹோட்டல் காவலாளி ஒருத்தர். ஒண்ணரை மணிக்கு நிலா முழுசா மறைஞ்சு செம்புப் பாத்திரம் விளக்காம வச்ச மாதிரி ஆச்சு. அது வரைக்கும் தெரியாத நட்சத்திரம் எல்லாம் மொத்தமா வெளிய வந்துச்சு. மாயாக்காரங்க கிரகணத்துக்கெல்லாம் கணக்கு எழுதி வச்ச ஏடு ஒண்ணு இப்ப ஜெர்மனில டிரெஸ்டன்ல இருக்குன்னு சொன்னேன். நம்ம பஞ்சாங்கம் மாதிரியான்னு கேட்டான். அதே மாதிரிதான்ல. அப்புறம் அவனாவே பேச ஆரம்பிச்சான், ஸ்கூல், ஒரு ஃப்ரெண்டு சண்டை போட்டுட்டுப் பேசாம இருக்கறது, டிரைவிங் கத்துக்கணும்னு, பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். ஸ்பானிஷ் தப்பாப் பேசினா யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்க, தமிழ் தப்பாப் பேசினா சித்தப்பா, அத்தை எல்லாரும் சிரிக்கறாங்கன்னான். சிரிச்ச லிஸ்ட்ல நானும் உண்டு. அவன் என் பேரைச் சொல்லல.

கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆச்சி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுல."

"அந்த முதல் கடை பீன்ஸ். மன்தேகா இருந்துச்சு."

"அது மரியாதை வார்த்தை இல்லையா?"

"மன்தேகான்னா பன்னிக் கொழுப்பு, ஆச்சி."

அலைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அந்த அம்மாவைத் தப்பு சொல்ல முடியாது, அவங்க கணக்குல தவக்காலத்துக்குக் கறிதான் ஆகாது, கொழுப்பு ஆகும். இவன் விசாரிச்சு முடிக்கும்போது நான் ரெண்டாவது தடவை வாங்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். சொன்னா வாந்தி எடுப்பேனோ அழுவேனோன்னு பயந்துபோய் வாயை மூடிக்கிட்டு, அன்னில இருந்து ஒவ்வொரு கடைலயும் முதல்ல அதைக் கேட்டுட்டுத்தான் எங்களைச் சாப்பிட விட்டிருக்கான். அஞ்சு நாளா பிள்ளை இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்கான். நான் பாட்டுக்குத் தோர்த்தியா கடைல போய்ச் சிரிச்ச முகமா பன்னிக் கொழுப்பு கேட்டிருக்கேன்!

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க அடக்க ஜாஸ்தியாச்சு, போர்வைக் குடும்பம் திரும்பிப் பாத்தாங்க. அவன் முதல்ல பயந்துட்டு அப்புறம் அவனும் சிரிச்சான். "சரி விடு, கிரகணம் விட்டதும் கடல்ல முங்கினா எல்லாம் போயிரும்"னேன். எப்ப விடும்னு கேட்டான். மூணே முக்கால். "வெயிட் பண்ணலாமா?"ன்னான். பண்ணினோம். நிலா முழுசா வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான், சேலையோட இடுப்பளவுக்கு, காலுக்கடியில பாசி வழுக்குது, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூணு முங்கு. அவனும் என்னைப் பாத்து மூக்கைப் பிடிச்சு மூணு முங்கு போட்டான். "நீ எதுக்குல? நீதான் எல்லாம் தின்பியே."

"ஜஸ்ட் இன் கேஸ், ஆச்சி."

சேலை காயாம ஈரத்தோட பையில மடிச்சு வச்சு, மத்தியானம் பிளைட் ஏறினோம்.

மார்ச் 16, ஞாயிறு, டாலஸ்

மக வீட்ல அதே கருப்பு பீன்ஸை நல்லெண்ணெய் விட்டுக் கடைஞ்சு பாத்தேன். சுமாரா வந்துச்சு. இவங்க சாப்பிட்டுக்கிட்டே ஊர்ல இருக்குற சினேகிதருக்குப் போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க, "ஒரு வாரம் மெக்சிகோவுல இருந்தேன்யா, ஒரு வேளை கூட சைவத்தை விடல. ஆனா ஒரு கடைல பீன்ஸ் சாப்பிட்டேன் பாரும், என்ன ருசி! இவளுக்கு அந்தப் பக்குவம் வரவே இல்ல." நான் தட்டைப் பாத்துக்கிட்டேன். பேரன் அடுப்படியில இருந்து தண்ணி எடுத்துக்கிட்டு மேசையைத் தாண்டிப் போனவன், தலையை லேசாச் சாய்ச்சான்.

"புரோவெச்சோ, தாத்தா."